பாம்பன் பாலத்துக்கு 20,000 கல்

புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 2.08 கிலோமீட்டர். மைன்கிராஃப்ட் என்ற, கட்டிகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் ஒரு கட்டம் என்பது ஒரு மீட்டர். அப்படியானால் நீளவாக்கில் 2,080 கட்டம். அகலத்துக்கு 5 கட்டம் போதும் என்று வைத்தால் மேல்தளத்துக்கு மட்டும் 10,400 கல். நிஜப் பாலத்தில் கண்கள் 99, அதுபோக 72.5 மீட்டருக்குத் தூக்குப் பகுதி ஒன்று. நாங்கள் தூண்கள் 100 என்று எடுத்துக்கொண்டோம். ஒரு தூண் 2க்கு 5 பரப்பில் 10 கட்டம் உயரம் என்றால் 100 கல். நூறு தூணுக்கு 10,000. சில்லறையைத் தள்ளிவிட்டால் 20,000 கல்.

"அவ்ளோதானா மாமா?" என்றான் என் மருமகன். அக்கா மகன். ஒன்பதாவது போகப்போகிறான். அவனுக்கு 20,000 என்பது யூடியூப்பில் பார்க்கிற எண்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எனக்கோ கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் கணக்கு, டீசல் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் என் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் படகெல்லாம் கரையில் நிற்கும், ஐஸ் கேட்டு வருகிறவர்கள் பாதிக்கும் கீழே. அவனுக்கும் பள்ளிக்கூடம் லீவு. தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில், ஒரு பழைய லேப்டாப்பில், இந்தப் பாலம் ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் முறையில்தான் கட்டுவோம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கிரியேட்டிவ் முறையில் கல் சும்மா வரும். கை ஓயும் வரை வைத்துக்கொண்டே போகலாம். அதில் எனக்கு ருசி இல்லை. கல் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், எதை எரித்து வேக வைக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கட்டுமானம். கடற்கரையில் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்கள் பக்கம் தோண்டினால் மணல், கொஞ்சம் போனால் தண்ணீர். ஜல்லி என்றால் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லையே அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கிற தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு தெரியும். (அவன் அதையும் விளையாட்டில் கட்டி வைத்திருக்கிறான், செத்த பவளக் கட்டிகளை வைத்து. சில்க் டச் என்ற மந்திரம் ஏற்றாத பிக்காக்ஸால் உடைத்தால் பவளம் செத்துதான் கைக்கு வரும். அந்தச் சுவருக்கு அந்தச் சாம்பல் நிறம் அப்படியே பொருந்திவிட்டது.)

சரி, கல்லுக்கு வருவோம். மைன்கிராஃப்டில் கல் தீராது, லாவா ஒரு பக்கெட்டும் தண்ணீர் ஒரு பக்கெட்டும் இருந்தால். ஓடுகிற லாவாவைத் தண்ணீர் தொட்டால் அந்த இடம் காபிள்ஸ்டோன் என்ற கரடுமுரடான கல் ஆகும். அதை உடைத்தால் மறுபடி லாவா ஓடி வரும், மறுபடி கல். ஒரே வரிசையில் 4 கட்டம் பள்ளம் தோண்டவும். ஒரு முனையில் தண்ணீர், மறு முனையில் லாவா. தண்ணீருக்கு அடுத்த கட்டத்தை மட்டும் இன்னும் ஒன்று ஆழமாக்கவும். தண்ணீர் அந்தக் குழியில் இறங்கி அங்கேயே நின்றுவிடும், லாவாவின் ஊற்றுவரை, அதாவது நாம் லாவாவை ஊற்றிய கட்டம்வரை, போகாது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை: தண்ணீரை முதலில் ஊற்றி அது குழியில் அடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் லாவாவை ஊற்ற வேண்டும். தண்ணீர் நேராக லாவா ஊற்றையே தொட்டுவிட்டால் அது அப்சிடியன் என்ற வேறு கல் ஆகிவிடும். கல்லும் வராது, ஊற்றும் போச்சு.

லாவாவைப் பற்றி மற்ற எதுவும் மறந்தாலும் ஓர் அளவை மறக்கக் கூடாது. மேல் உலகத்தில், சமதரையில், ஊற்றிலிருந்து லாவா 3 கட்டம்தான் பரவும். ஒரு கட்டம் நகர ஒன்றரை விநாடி எடுக்கும். நிதானமாகப் பின்னால் நடந்தாலே தப்பித்துவிடலாம். ஆனால் ஒரு படி கீழே விழுந்தால் அந்த 3 மறுபடி புதிதாகத் தொடங்கும். அதனால் சரிவில் லாவாவுக்கு எல்லையே கிடையாது. படிப்படியாக இறங்கி மலையடிவாரம் வரை வந்துவிடும். நெதர் என்ற விளையாட்டின் நெருப்பு உலகத்தில் 7 கட்டம் பரவும், வேகமும் மூன்று மடங்கு. அங்கே தண்ணீரை ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். லாவா வேண்டும் என்றால் நெதருக்குப் போ, கடலாகவே கிடக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. எடுக்கிற கை பதறாதவர்கள் போகட்டும். எங்களுக்குக் கீழே குகையில் கிடைப்பதே போதுமானதாக இருந்தது.

குகையில் எங்கே? உயரத்தைக் காட்டுகிற ஒய் அளவு -55க்குக் கீழே வருகிற குகைப் பள்ளங்கள் எல்லாம் லாவாவால் நிறைந்திருக்கும். வைரம் தேடுகிறவர்கள் -59 பக்கம் தோண்டுவார்கள் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம். கூரையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சொட்டு விழுந்தால் மேலே லாவா நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டியைத் தொடாதீர்கள். ஏரி ஓரத்தில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே நடந்தால் விளிம்பிலிருந்து விழ மாட்டீர்கள். விழுந்தால் கையில் இருந்ததெல்லாம் எரிந்து போகும், நெதரைட் என்ற உலோகத்தில் செய்த சாமானைத் தவிர. அதனால் இறங்குவதற்கு முன் நல்ல சாமான் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, காலி பக்கெட், கொஞ்சம் காபிள்ஸ்டோன், ஒரு தண்ணீர் பக்கெட் மட்டும் எடுத்துப் போவது எங்கள் வழக்கம். காலி பக்கெட் ஒரே இடத்தில் 16 அடங்கும். லாவா நிரம்பியதும் ஒவ்வொன்றும் தனி இடம் கேட்கும். பையில் மொத்தம் 36 இடம்தான்.

இனி எரிபொருள். காபிள்ஸ்டோனை அப்படியே வைத்தால் பாலம் பழைய கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். ஃபர்னஸில் சுட்டால் வழவழப்பான கல். இன்னொரு முறை சுட்டால் ஸ்மூத் ஸ்டோன். அவனுக்கு அதுதான் வேண்டுமாம். எரிபொருள் இரண்டு மடங்கு ஆகும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை சுடவே 20,000 கல்லுக்கு எவ்வளவு வேண்டும் பாருங்கள்.

ஒரு கரி 8 கல்லைச் சுடும். ஆக 2,500 கரி. நிலக்கரி அவ்வளவு கிடைக்காவிட்டால் மரத்தைச் சுட்டு மரக்கரி எடுக்கலாம். ராமநாதபுரம்காரனுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆனால் மரக்கரி எடுக்கவும் எரிபொருள் வேண்டும், எட்டுக்கு ஒன்று அதிலேயே போய்விடும். கணக்கு போட்டால் ஏறத்தாழ 2,860 கட்டை. ஒரு சின்ன ஓக் மரத்தில் 4 முதல் 6 கட்டை. ஐநூறு மரத்துக்கு மேல் வெட்ட வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கெல்ப் பாசியை யோசித்தோம். ஒரு காய்ந்த பாசிக் கட்டு 20 கல்லைச் சுடும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுக்குள் இருக்கிற 9 பாசியையும் ஃபர்னஸில்தான் காய வைக்க வேண்டும். 20இல் 9 அங்கேயே போச்சு.

லாவா ஒரு பக்கெட் 100 கல்லைச் சுடும். எரிந்து முடிந்ததும் பக்கெட் காலியாகத் திரும்பக் கிடைக்கும். 20,000 கல்லுக்கு 200 பக்கெட், அவ்வளவுதான். இதில் பலர் கோட்டைவிடுகிற ஓர் இடம் உண்டு. ஃபர்னஸின் மேல் தட்டில் ஒரே நேரத்தில் 64 கல்தான் போட முடியும். லாவா 1,000 விநாடி எரியும். 64 கல்லும் வெந்த பிறகு மீதி 36 கல்லுக்கான நெருப்பு யாருக்கும் பயனில்லாமல் எரிந்து தீரும். அதனால் ஃபர்னஸுக்கு மேலே, கல்லைத் தானாகக் கீழே இறக்குகிற புனல் மாதிரி ஒரு ஹாப்பர், அதற்கு மேலே கல் நிறைந்த பெட்டி. ஹாப்பருக்கு 5 இரும்பும் ஒரு பெட்டியும் செலவு. அந்தச் செலவு இல்லாமல் லாவாவை எரிப்பது கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு ஐஸ் அடிக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல.

200 பக்கெட்டையும் குகையிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. 2021இல் வந்த 1.17 அப்டேட்டிலிருந்து லாவாவைச் சொட்டுச் சொட்டாக விளைய வைக்கலாம். ஒரு கட்டியின் மேலே லாவா ஊற்று, அதே கட்டியின் அடியில் தொங்குகிற டிரிப்ஸ்டோன் என்ற கூம்புக் கல், அதற்குக் கீழே ஒரு கொப்பரை. கொப்பரைக்கு 7 இரும்பு. மேலே இருக்கிற ஊற்று குறையவே குறையாது. கொப்பரை நிறைந்ததும் ஒரு பக்கெட் எடுத்துக்கொள்ளலாம். நேரம் நிச்சயமில்லை. சில நேரம் போனவுடன் நிறைந்திருக்கும், சில நேரம் காத்துக் கிடக்க வேண்டும். சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டில் ஒரு நாள் என்பதும் அதே 20 நிமிடம்தான்.

இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அவன் 20 ஃபர்னஸ் வரிசையாக வைக்க வேண்டும் என்கிறான். யூடியூப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். 20 ஃபர்னஸுக்குத் தீனி போட 24 கொப்பரை வேண்டும், 168 இரும்பு. ஹாப்பர்களுக்கு இன்னொரு 100. "இரும்பு எங்கடா இருக்கு?" என்றேன். "தோண்டுவோம் மாமா."

நான் பேனாவை எடுத்தேன். கல் எடுக்கிற இடத்தில் ஒரு கல் உடைத்து அடுத்த கல் உருவாக 2 விநாடி என்று வைத்தால், 20,000 கல்லுக்கு 40,000 விநாடி, சுமார் 11 மணி நேரம். இருப்பது ஒரு லேப்டாப், ஒரு ஆள். இதை வேகப்படுத்த வழியில்லை. ஃபர்னஸில் ஒரு கல் வேக 10 விநாடி. 5 ஃபர்னஸ் இருந்தால் 2 விநாடிக்கு ஒரு கல், அதே 11 மணி நேரம். அந்த 11 மணி நேரத்துக்குள் 200 பக்கெட் லாவா வேண்டும்; 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6 கொப்பரை. அதாவது ஒரு கை, 5 ஃபர்னஸ், 6 கொப்பரை. மூன்றும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. கொப்பரைக்கு 42 இரும்பு, ஹாப்பருக்கு 25. இதற்கு மேல் எத்தனை ஃபர்னஸ் வைத்தாலும் அவை கல்லுக்காகக் காத்திருக்குமே தவிர, பாலம் ஒரு நிமிடம்கூட முன்னால் முடியாது.

எழுதிய தாளை அவனே இரண்டு தடவை சரிபார்த்தான். தப்பு கிடைக்கவில்லை. "நீங்க விளையாட்டையும் ஆபீஸ் ஆக்கிட்டீங்க மாமா" என்று மட்டும் சொன்னான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இடம் தேர்வு செய்வதிலும் இதே கணக்குதான் வேலை செய்தது. ஆள் பக்கத்தில் இருந்தால்தான் டிரிப்ஸ்டோன் சொட்டும். தூரம் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்துதான் தொடரும். 2,080 கட்டப் பாலத்தில் மண்டபம் முனையில் கொப்பரையை வைத்துவிட்டுப் பாம்பன் முனையில் தூண் நட்டால் ஒரு சொட்டும் விழாது. ஆகவே கல் எடுக்கிற பள்ளம், ஃபர்னஸ், கொப்பரை மூன்றும் மண்டபம் கரையில் ஒரே இடத்தில், பத்துப் பதினைந்து கட்டத்துக்குள். கல் எல்லாம் சுட்டு முடித்த பிறகே கடலுக்குப் போவது. 20,000 கல்லுக்கு இரட்டைப் பெட்டி 6 வேண்டும். ஒன்றில் 3,456 கல் பிடிக்கும். சுமக்க, பெட்டி வைத்த படகு. பையில் 2,304, படகில் 1,728, ஒரு நடைக்கு 4,000 கல் போய்விடும்.

அந்த இடத்தில் மரம் மட்டும் வைக்கக் கூடாது. லாவா தொடாமலேயே பக்கத்து மரத்தையும் மேலே இருக்கிற கூரையையும் பற்ற வைக்கும். மருமகன் முதலில் கொப்பரைகளுக்கு வைக்கோல் கட்டுகளால் ஓலைக்கொட்டகை போட்டிருந்தான், பார்க்க அப்படியே நம்ம ஊர் மீன் கொட்டகை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கம்பம்கூட மிச்சமில்லை. கொப்பரைக்கும் ஃபர்னஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் காபிள்ஸ்டோனிலேயே கூரை போட்டோம். மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நெதரில் கிடைக்கிற கிரிம்சன், வார்ப்டு கட்டைகள் எரியாது.

கடலில் வேலை செய்யும்போது கண்டுபிடித்த ஒரு வித்தையைச் சொல்லாமல் விட முடியாது. நடுக்கடலில் தூண் நட நிற்க இடம் வேண்டுமே. படகிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு கல்லை நிறுத்தி, அதன் தலையில் ஒரு பக்கெட் லாவாவை ஊற்றுவோம். லாவா மேலிருந்து தண்ணீர்மேல் இறங்கினால் அந்தத் தண்ணீர் கல்லாகும். அந்தக் கல்லின் மேல் லாவா பரவி, அடுத்த தண்ணீரில் இறங்கி, அதையும் கல்லாக்கும். ஒன்றரை விநாடிக்கு ஒரு கட்டமாக நம்மைச் சுற்றிலும் ஒரு திட்டு முளைக்கும். அதற்குள் படகைத் தள்ளி நிறுத்திவிட வேண்டும். போதும் என்று தோன்றியதும் ஊற்றைப் பக்கெட்டில் திரும்ப அள்ளிக்கொண்டால் மேலே கிடக்கிற லாவா தானாக வற்றிவிடும், திட்டு மட்டும் நிற்கும். ஒரே பக்கெட் லாவாவில் பாலம் முழுக்க நகர்ந்து போகலாம். தூண் முடிந்ததும் திட்டை உடைத்துவிடலாம். உடைத்தால் கைக்கு வருவது காபிள்ஸ்டோன், அதுவும் வரவுதான்.

தூணின் அடிப்பாகத்துக்கு அந்தத் திட்டில் ஓட்டை போட்டு மேலிருந்து ஜல்லியைப் போட்டுக்கொண்டே இருந்தோம். மணலும் ஜல்லியும் விளையாட்டில் நேரே அடிவரை விழுந்து அடுக்கிக்கொள்ளும். முங்கி முங்கிக் கல் வைக்கிற பாடு இல்லை. நீருக்கு மேலே தெரிகிற பகுதி மட்டும் சுட்ட கல்.

இப்போது கல் மிச்சமாகக் கிடக்கிறது, பற்றாக்குறை இரும்புக்கு. 16 தண்டவாளம் செய்ய 6 இரும்பு வேண்டும். 2,080 கட்டத்துக்கு 780 இரும்பு. வண்டி ஓட நடுநடுவே வைக்கிற பவர்டு ரயிலுக்குத் தங்கமும் ரெட்ஸ்டோனும் தனி. நான் முதலிலேயே இதைக் கல் கணக்கோடு சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை அவன் புரட்டவில்லை.

தூக்குப் பகுதி இன்னும் பேச்சிலேயே நிற்கிறது. நிஜத்தில் அது 17 மீட்டர் மேலே போகும். விளையாட்டில் ஒரு பிஸ்டன் ஒரு தடவைக்கு 12 கட்டியைத்தான் தள்ளும். 72 கட்ட நீளத்தை மொத்தமாகத் தூக்கி இறக்குவது எங்கள் இருவர் மூளைக்கும் மீறியது. ஆகவே ஒன்று மேலே, அல்லது கீழே, நிரந்தரமாக ஒரே இடத்தில் வைத்துக் கட்ட வேண்டும். கீழே வைப்போம் என்றேன் நான். மேலே இருந்தால்தான் கெத்து என்றான் அவன்.

"மேலே வச்சா ரயில் எப்படிடா போகும்?"

"தண்டவாளத்துக்கே இரும்பு இல்ல, எந்த ரயில் மாமா போகப்போகுது? படகாவது போகட்டும்."

நேற்று இரண்டு பக்கக் கோபுரமும் ஏறிவிட்டன. இடைவெளி அப்படியே இருக்கிறது.